பிளேக்கும் எங்கள் பிளாக்கும்

“யாரு, பிளேக்கா? எலி செத்து விழுமே, அதுவா?”

அப்பா இப்படிக் கேட்டது 1992-ல். நான் அப்போது பி.ஏ. ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருடம். தேர்வுக்கு வில்லியம் பிளேக் படித்துக்கொண்டிருந்தேன், அதாவது யாரோ எழுதிய நோட்ஸை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். தருமபுரியில் பென்னாகரம் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் அச்சகம். முன்னால் கல்லா மேசை, நடுவில் எழுத்துக் கேஸ்கள், பின்னால் டிரெடில், அதாவது காலால் மிதித்து ஓட்டும் அச்சு மெஷின். மெஷின் சத்தத்தில்தான் நான் பத்தாவதிலிருந்து எல்லாத் தேர்வுக்கும் படித்தேன். அப்பாவுக்குத் தெரிந்த பிளேக் அவருடைய பாட்டி சொன்ன பிளேக். பெங்களூரில் 1898-ல் கொள்ளைநோய் வந்தபோது இந்தப் பக்கத்து ஜனங்களும் ஊரைக் காலி செய்துவிட்டுக் காட்டில் குடிசை போட்டுக் கிடந்த கதை.

அப்பாவின் கேள்வி அவ்வளவு தப்பில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பிளேக்கைப் பரப்புவது எலியின் மேல் இருக்கும் தெள்ளுப்பூச்சி. கவிஞர் பிளேக் 1819, 1820 வாக்கில் வரைந்த ஓவியம் ஒன்றின் பெயர் ‘தெள்ளுப்பூச்சியின் ஆவி’. முறுக்கேறிய உடம்பு, வெளியே நீட்டிய நாக்கு, கையில் ரத்தம் குடிக்கக் கிண்ணம். எங்கள் ஊர் எல்லைச்சாமிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும். படம் ஒரு பள்ளிக்கூட நோட்டின் பக்கத்தளவுகூட இல்லை. அதற்குள் அவ்வளவு பெரிய ராட்சசன். அந்த ஆவி நேரில் வந்து நின்றது, அதைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்று அவர் சொன்னார். சொன்னது விளையாட்டுக்கு இல்லை.

எனக்கு நோட்ஸில் கிடைத்த பிளேக் வேறு. ‘ரொமான்டிக் காலத்தின் முன்னோடி, மறைஞானி, தீர்க்கதரிசி’ என்று மூன்று அடைமொழி. ஆட்டுக்குட்டி என்றால் கள்ளமின்மை, புலி என்றால் அனுபவம். பத்து மதிப்பெண். அவர் என்ன வேலை செய்து சோறு தின்றார் என்பதை நோட்ஸும் சொல்லவில்லை, பாடம் நடத்தியவரும் சொல்லவில்லை. அதை மட்டும் அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால், அச்சகக்காரன் மகனான நான் புத்தகத்தை மூடாமல் படித்திருப்பேன்.

1757-ல் லண்டனில் காலுறை வியாபாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சின்ன வயதில் ஒருநாள் பெக்கம் ரை என்ற இடத்தில் ஒரு மரம் நிறைய தேவதைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாக வீட்டில் வந்து சொன்னார். பொய் சொல்கிறான் என்று அப்பா அடிக்கப் போக, அம்மா குறுக்கே வந்து காப்பாற்றினார். பதினாலு வயதில் ஜேம்ஸ் பசையர் என்ற செதுக்குக்காரரிடம் ஏழு வருட ஒப்பந்தத்தில் தொழில் பழகப் போனார். செம்புத் தகட்டில் உளியால் கோடு கோடாகச் செதுக்கிப் படம் அச்சிடும் வேலை. மற்றவர்கள் புத்தகத்துக்குப் படம் போட்டுக் கொடுத்தே கடைசிவரை காலம் தள்ளினார். கவிதையால் வயிறு நிறைந்ததில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது 2009-ல். அதற்குள் டிரெடில் பின்கட்டுக்குப் போய்விட்டது. கடையில் கம்ப்யூட்டரும் சின்ன ஆஃப்செட்டும் வந்துவிட்டன. வேலை இல்லாத ஆடி மாதத்து மதியம் ஒன்றில் எதையோ தேடப் போய் ‘வில்லியம் பிளேக் ஆர்கைவ்’ என்ற இணையதளத்தில் விழுந்தேன். 1996-லிருந்து நடக்கிறது. பிளேக் தன் கையாலேயே அச்சிட்டு வண்ணம் பூசிய பக்கங்களை, ஒரே கவிதை வேறு வேறு பிரதிகளில் எப்படியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். கல்லூரியில் நான் படித்த புலி வெறும் எழுத்து. இங்கே எழுத்தும் படமும் ஒரே கொடியில் பூத்த மாதிரி. வரிகளுக்கு நடுவே இலை ஓடுகிறது, எழுத்தின் வால் போய் மரக்கிளையாகிறது. எழுத்தைச் சுற்றி மை படிந்திருந்த விதத்தைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்தது போல இருந்தது.

பிளாக்!

கல்யாணப் பத்திரிகையில் மேலே பிள்ளையார் படம் வருமே, அதை அந்தக் காலத்தில் பிளாக் வைத்துத்தான் அடிப்பார்கள். படத்தைச் சேலத்துக்குக் கொடுத்தனுப்பினால் துத்தநாகத் தகட்டில் எடுத்துக் கொடுப்பார்கள். மை ஒட்ட வேண்டிய கோட்டை மட்டும் அமிலம் தொடாதபடி காப்பாற்றி, மீதியை அமிலம் தின்னும்படி விட்டால், கோடு மேடாக நிற்கும். அதை ஒரு மரக்கட்டையில் ஆணியடித்து, எழுத்து உயரத்துக்குச் சரிசெய்து, ஃபர்மா என்ற இரும்புச் சட்டத்தில் முடுக்கி அடிப்பது. எங்கள் கடையில் பிள்ளையார் நாலு தினுசு, லட்சுமி இரண்டு, முருகன் ஒன்று, பூர்ண கும்பம், கூப்பிய கை, பள்ளிவாசல், சிலுவை எல்லாம் ஒரு பிஸ்கெட் டப்பாவில் சகோதரத்துவமாகக் கிடக்கும்.

பிளேக் 1788 வாக்கில் கண்டுபிடித்த முறையும் அடிப்படையில் இதுதான். அவர் பழகிய செதுக்குவேலையில் கோடு பள்ளமாக இருக்கும், மை பள்ளத்துக்குள் நிற்கும். அதைத் தலைகீழாக்கினார். அமிலம் அரிக்காத வார்னிஷைத் தொட்டுச் செம்புத் தகட்டிலேயே கவிதையையும் படத்தையும் நேரடியாக எழுதினார். எழுத்து அத்தனையும் கண்ணாடிப் பிம்பமாக. பிறகு அமிலத்தை ஊற்றினால் சுற்றியிருக்கும் செம்பு கரைந்து, எழுதியது மட்டும் மேடாக நிற்கும். அச்சுக்கோப்பவர் வேண்டாம், பதிப்பாளர் வேண்டாம், தணிக்கை செய்ய இன்னொரு கண் வேண்டாம். எழுதியவரே ஓவியர், ஓவியரே அச்சடிப்பவர், அவரே விற்பவர். விற்கவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த முறையைச் சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? 1787-ல் இறந்துபோன அவருடைய தம்பி ராபர்ட். இறந்த பிறகு தரிசனம் கொடுத்துச் சொன்னாராம்.

அன்று சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டப்போய்ப் பார்த்தார். “பிளாக்குதானே இது. இதுக்கு எதுக்குப்பா ஆவி வந்து சொல்லணும்?” என்றார். சரி, விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். அவர் நகரவில்லை. பக்கத்தின் ஓரத்தில் விரலை வைத்து, “ஓரத்தைத் துடைச்சிருக்கான் பாரு” என்றார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தகட்டில் பள்ளம் ஆழமாக இல்லாவிட்டால் வேண்டாத இடத்திலும் மை ஒட்டும். அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று விளக்கினார். பிளேக் தகட்டின் ஓரங்களைத் துடைத்துவிட்டு அச்சிட்டார் என்பதை அறிஞர்கள் எழுதியிருப்பதைப் பிறகு படித்தேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அப்பா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவருக்கும் பிளேக் மீது ஒரு மரியாதை வந்துவிட்டது. ‘உன் எலிக்காரன்’ என்றுதான் கடைசிவரை சொன்னார், ஆனாலும் மரியாதைதான். 2011-ல் அப்பா போனார்.

இன்னொரு சங்கதி அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 1789-ல் ‘கள்ளமின்மைப் பாடல்கள்’ தொகுப்புக்குப் பயன்படுத்திய செம்புத் தகடுகளை பிளேக் தூக்கிப் போடவில்லை. 1794-ல் ‘அனுபவப் பாடல்கள்’ போடும்போது அதே தகடுகளைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் எழுதினார். நோட்ஸ்காரர்கள் இந்த இரண்டு தொகுப்பையும் மனித ஆன்மாவின் இருவேறு நிலைகள் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அதுவும் உண்மைதான், பிளேக்கே அப்படித்தான் தலைப்புப் போட்டார். ஆனால் செம்பு விலையும் ஒரு காரணம். தப்பாக அடித்த பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிய அப்பாவுக்கு அது சட்டென்று புரிந்தது.

பிளேக்கின் மனைவி கேத்தரினைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1782-ல் கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்ட பெண். பிளேக் அவருக்குப் படிக்க, எழுதக் கற்றுக்கொடுத்தார். அச்சிடவும், அச்சிட்டதில் வண்ணம் தீட்டவும் கேத்தரின் கூடவே நின்றார், நாற்பத்தைந்து வருடம். இன்றைக்கு அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் இருக்கும் பக்கங்களில் எந்த நீலம் அவருடையது, எந்த நீலம் இவருடையது என்று யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் அம்மா. பத்திரிகை மடிப்பது, கவர் ஒட்டுவது, பில் புத்தகத்துக்குத் தையல் போடுவது எல்லாம் அம்மாதான். முகூர்த்த மாதங்களில் அவர் கட்டைவிரல் நகம் தேய்ந்து மழுங்கியிருக்கும். கடை போர்டில் அப்பா பெயர் மட்டும்தான்.

2020-ல் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது நானும் மகளும் பிளேக் முறையைச் செய்துபார்த்தோம். கல்யாணமே இல்லை, பத்திரிகைக்கு எங்கே போவது? பாத்திரக் கடைக்காரர் ஒருவரிடம் கையளவு செம்புத் தகடு கேட்டு வாங்கினேன். ரேடியோ ரிப்பேர்க் கடையில் சர்க்யூட் போர்டு அரிக்கப் பயன்படுத்தும் ஃபெரிக் குளோரைடு கிடைத்தது. வார்னிஷுக்கு மகளின் நகப்பாலிஷ். மகள் நுனித் தூரிகையில் நாக்கைக் கடித்துக்கொண்டு ‘புலி’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு புலியும் போட்டாள். பிளாஸ்டிக் தட்டில் ஊற்றி மூன்று மணி நேரம் ஆட்டி ஆட்டி வைத்தோம். தரையெல்லாம் காவிக் கறை, இன்னும் போகவில்லை. கழுவி, ரோலரில் மை தேய்த்து, காகிதத்தை வைத்துக் கரண்டியின் முதுகால் அழுத்தி எடுத்தால், ‘புலி’ இடவலம் மாறி நிற்கிறது. நேராக எழுதியிருக்கிறோம்! நாற்பது வருடம் டிரெடில் சத்தத்தில் வளர்ந்தவன், எழுத்தைத் திருப்பி எழுத வேண்டும் என்பதை மறந்துவிட்டேன். அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே. “அவர் இருந்திருந்தா மண்டையில குட்டியிருப்பார்.”

இரண்டாவது தகட்டில் திருப்பி எழுதினோம். ‘பு’வில் இருக்கும் ‘ப’ எந்தப் பக்கம் பார்த்தாலும் ‘ப’தான், கீழே இறங்கும் கோட்டை மட்டும் இடம் மாற்றினால் போதும், அதில் பெரிய பிரச்சினை இல்லை. ‘லி’யைத் திருப்பி எழுதுவதற்குள் மகளுக்குக் கோபமே வந்துவிட்டது. பிளேக் ‘ஜெருசலேம்’ என்ற நூலுக்கு நூறு தகடு இப்படி எழுதியிருக்கிறார் என்றேன். “அவருக்கு வேற வேலை இல்லையாப்பா?” என்றாள்.

அவள் வரைந்த புலி ஏறக்குறைய பூனை. பிளேக்கின் புலியும் அப்படித்தான். ‘இரவின் காடுகளில் தகதகவென்று எரியும் புலி, உன்னைச் செய்த கை எந்தக் கை’ என்று அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கும் அந்தக் கவிதைக்குக் கீழே அவர் வரைந்திருப்பது பஞ்சு அடைத்த பொம்மை மாதிரி ஒரு பிராணி. சில பிரதிகளில் லேசாகச் சிரிக்கிறது. உலகம் முழுக்க ஆட்கள் இதைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது அவ்வளவு விசித்திரமாகப் படவில்லை. எங்கள் பக்கத்து நடுகற்களைப் பார்த்திருக்கிறீர்களா? தருமபுரி அருங்காட்சியகத்திலேயே நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. புலியோடு சண்டை போட்டுச் செத்த வீரனுக்கு எடுத்த புலிக்குத்திக் கல்லும் இந்த மாவட்டங்களில் உண்டு. நான் பார்த்த ஒன்றில் வீரன் முழு ஆளாக நிற்கிறான். அவனைக் கொன்ற புலி முழங்கால் உயரத்துக்கு, வேட்டை நாய் மாதிரி. கல்தச்சன் புலியைப் பார்க்காதவன் இல்லை. பயத்தை எல்லாம் பாட்டில் விட்டுவிட்டுப் படத்தைச் சின்னதாகச் செய்திருப்பான் என்று தோன்றும். அது என் ஊகம்தான்.

புலியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. இந்தக் கவிதையின் கரட்டு வடிவம், தம்பி ராபர்ட் விட்டுப்போன நோட்டுப் புத்தகத்தில் 1792, 1793 வாக்கில் எழுதப்பட்டது. அதே 1792-ல்தான் திப்பு சுல்தான் தோற்று, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ எங்கள் தருமபுரியில் உட்கார்ந்து நிலம் அளந்து வரி போட்டுக்கொண்டிருந்தார். லண்டனில் லாம்பெத் வீட்டில் ஒருவர் புலிக்குப் பாட்டு எழுதுகிறார். புலியைச் சின்னமாக வைத்திருந்த ராஜாவின் நிலத்தை இங்கே இன்னொருவர் அளக்கிறார். இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் மன்றோ பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த நோட்டுப் புத்தகம் ஞாபகம் வரும்.

பிளேக்கின் செல்வாக்கு இன்றைக்கும் இருக்கிறதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது, ஆனால் வேடிக்கையாக இருக்கிறது. ‘பார்வையின் கதவுகளைத் துடைத்தால் எல்லாம் உள்ளபடி, எல்லையற்றதாகத் தெரியும்’ என்று அவர் எழுதியதிலிருந்து எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1954-ல் புத்தகத் தலைப்பு எடுத்தார். அதிலிருந்து ‘தி டோர்ஸ்’ என்று ஒரு ராக் குழு பெயர் வைத்துக்கொண்டது. ‘மில்டன்’ நூலின் முன்னுரையில் இருந்த நாலு செய்யுளுக்கு 1916-ல் ஹியூபர்ட் பாரி இசையமைத்தார். இன்று இங்கிலாந்தில் டெஸ்ட் மேட்ச் தொடங்கும்போது மைதானமே எழுந்து பாடுகிறது. தேசபக்திப் பாட்டாம். அதை எழுதியவர் மீது ராஜத் துரோக வழக்கு நடந்தது என்பது பாடுகிற எத்தனை பேருக்குத் தெரியுமோ! தோட்டத்துக்குள் வந்த சிப்பாயைப் பிடித்து வெளியே தள்ளியபோது ராஜாவைச் சபித்தார் என்று குற்றச்சாட்டு, 1804-ல் விடுதலையானார். எங்கள் மாவட்டத்தில் பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவா நினைவிடம் இருக்கிறது. 1908-ல் அதே மாதிரி வழக்கில் சிறைக்குப் போய், உடம்பெல்லாம் நோயோடு வெளியே வந்தவர். வெள்ளைக்காரன் சட்டம் பிளேக்கை விட்டது, சிவாவை விடவில்லை.

உயிரோடு இருந்தபோது ஒரே ஒரு தடவை பிளேக் தனியாகக் கண்காட்சி வைத்தார், 1809-ல், அண்ணனின் காலுறைக் கடை மாடியில். பதினாறு படம். ஒன்றும் விற்கவில்லை. வந்த ஒரே விமர்சனம் அவரைப் பைத்தியம் என்றது. 2019-ல் அவர் பிறந்தநாளை ஒட்டி, அவர் வரைந்த கடவுளை லண்டன் செயின்ட் பால் கோயில் கோபுரத்தின் மீது ஒளியாகப் பாய்ச்சிக் காட்டினார்கள். புதைத்த இடத்தில் பெயர் போட்டுச் சரியான கல் வைத்ததே 2018-ல்தான், அவர் செத்து 191 வருடம் கழித்து.

தருமபுரியில் பிளேக்குக்கு என்ன செல்வாக்கு என்றால், என் கடையிலேயே ஒருமுறை வந்தது. ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா அழைப்பிதழ். மேலே ஆங்கிலத்தில், மணல் துகளில் உலகத்தையும் காட்டுப்பூவில் சொர்க்கத்தையும் பார்க்கச் சொல்லும் வரிகள். கீழே தாகூர் பெயர். “சார், இது தாகூர் இல்லை, பிளேக்” என்றேன். வந்தவர் கொஞ்சம் யோசித்தார். “தாகூர்னே இருக்கட்டும் சார். அவரைத்தான் எல்லாருக்கும் தெரியும்.” ஆயிரம் பிரதி அடித்துக் கொடுத்தேன். அந்த நாலு வரிக்கு அப்புறம் அதே கவிதை எப்படிப் போகிறது என்று தெரிந்திருந்தால் அழைப்பிதழில் போட்டிருக்கவே மாட்டார்கள். எஜமான் வாசலில் பட்டினி கிடக்கும் நாய் நாடு அழியப்போவதைச் சொல்லும் என்கிறார் பிளேக். நூற்றுக்கு மேல் வரி கொதிக்கிறது. நாம் முதல் நாலை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் போடுகிறோம்.

நான் சொல்ல வந்தது வேறு. இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதைச் சொல்லத் தயங்கித்தான்.

1986-லிருந்து எங்கள் கடையில் ஒரு பையன் இருந்தான். பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஊர். வந்தபோது பதினொரு வயது. அவனுக்கு அம்மா இல்லை. அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும்போது முந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு எங்கள் கடையில் விட்டுவிட்டுப் போனார். என்னைவிட இரண்டு வயது சின்னவன். நான் பள்ளிக்கூடம் போகும்போது கடை கூட்டுவான், வரும்போது டிரெடில் மிதிப்பான். கேஸுக்கு அடியில் சாக்கு விரித்துத் தூங்குவான். ஓயாமல் பாட்டு. சினிமாப் பாட்டு, கூத்துப் பாட்டு, வார்த்தை மறந்தால் சொந்த வார்த்தை. கடைக்கு வருகிறவர்கள் “உங்க பையன் நல்லாப் பாடறானே” என்பார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை. ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் வைப்பது அவன்தான். அவனுக்குப் புதுச் சட்டை, பொரி, கடலை.

1988-ல், தை மாத முகூர்த்த நெரிசலில், இரவு பதினொரு மணிக்கு டிரெடில் அவன் வலது கை ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டது. நுனிக் கணு போய்விட்டது. அப்பா துடித்துப்போனார், அதில் சந்தேகமில்லை. வைத்தியம் பார்த்தார், இருநூறு ரூபாய் கொடுத்தார். மூன்று வாரத்தில் பையன் திரும்பவும் வேலைக்கு வந்தான், திரும்பவும் பாடினான். ‘பாரு, எப்படி இருக்கான், ஒண்ணும் இல்லை’ என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

நாலு வருடம் கழித்து நான் கல்லூரியில் ‘புகைபோக்கி துடைக்கும் சிறுவன்’ கவிதைக்குப் பத்து மதிப்பெண் பதில் எழுதினேன். பிளேக் அதே தலைப்பில் இரண்டு தொகுப்பிலும் எழுதியிருக்கிறார். முதலாவதில், அம்மா சின்ன வயதிலேயே செத்துப்போனாள், நாக்கு திருந்துவதற்கு முன்பே அப்பா என்னை விற்றுவிட்டார் என்கிறது குழந்தை. தெருவில் ‘ஸ்வீப்’ என்று கூவ வேண்டும், மழலையில் ‘வீப்’ என்று வருகிறது. வீப் என்றால் அழு. இதைத் தமிழில் கொண்டுவர நானும் எத்தனையோ தடவை முயன்றுவிட்டேன், வரவில்லை. எட்டு வயதுக்குக் கீழ் யாரையும் இந்த வேலைக்கு எடுக்கக் கூடாது என்று 1788-ல் அங்கே சட்டம் வந்தது. யாரும் மதிக்கவில்லை. அடுத்த வருடம் பிளேக் இதை அச்சிட்டார். 1824-ல் இந்தக் குழந்தைகளுக்காகப் பேசிய ஒரு தொகுப்பில் கட்டுரையாளர் சார்லஸ் லாம் இந்தக் கவிதையைச் சேர்க்க வைத்தார். ஒரு கவிதை வேலைக்கு ஆனது என்றால் அது அங்கேதான். இதையெல்லாம் நான் எழுதினேனா? ‘மத நிறுவனங்களின் போலித்தனத்தைக் கவிஞர் சாடுகிறார்’ என்று எழுதினேன். ஏழரை மதிப்பெண்.

இரண்டாவது கவிதையைத் திரையில் அந்தச் செம்புத் தகட்டு எழுத்திலேயே படித்தது 2009-ல். பனியில் கறுப்பாக ஒரு பொட்டு மாதிரி நிற்கிற குழந்தையிடம், அப்பா அம்மா எங்கே என்று கேட்கிறார்கள். கோயிலுக்குப் போயிருக்கிறார்கள் என்கிறது. கடைசியில் அது சொல்கிறது: நான் சந்தோஷமாக ஆடிப் பாடுகிறேன் அல்லவா, அதனால் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

மவுஸை விட்டுவிட்டு எழுந்து வெளியே போனேன். பென்னாகரம் பஸ் ஒன்று போனது. டீக்கடையில் நின்று டீ சொல்லிவிட்டுக் குடிக்காமல் திரும்பி வந்தேன். அப்பாவிடம் அந்தப் பக்கத்தை மட்டும் காட்டவில்லை.

அவன் பதினேழு வயதில் எங்கள் கடையை விட்டான். ஓசூரில் ஒரு ஆஃப்செட் கடையில் சேர்ந்து, இப்போது சொந்தமாக ஃப்ளெக்ஸ் போடுகிறான். போன தை மாதம் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க என்னிடம் வந்தான். “உங்ககிட்டயே எல்லா மெஷினும் இருக்கே, எதுக்கு இங்கே?” என்றேன். ‘டா’ போட்டுப் பழகியவனை ‘ங்க’ போட்டுப் பேச எனக்கு நாக்கு கொஞ்சம் இடறியது. “பழைய பிள்ளையார் பிளாக் இருக்கா ணா? அந்த உக்கார்ந்த பிள்ளையார். அதுல ஒரு அம்பது மட்டும் போட்டுக் குடுங்க. சாமி வீட்டுக்கும் சொந்தத்துக்கும் மட்டும்.”

பிஸ்கெட் டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஆணி துருப்பிடித்திருந்தது, பிள்ளையார் நன்றாகத்தான் இருந்தார். டிரெடிலை இப்போது நம்பர் போடவும் பெர்ஃபரேஷன் போடவும் மட்டும் வைத்திருக்கிறேன். பில் நம்பர் ஃபர்மாவைக் கழற்றிவிட்டு பிளாக்கை முடுக்கினேன். மஞ்சள் அட்டையை எடுத்து வைத்து நான் காலைத் தூக்குவதற்குள், “தள்ளுங்க, நான் போடறேன்” என்று வந்து நின்றான்.

எனக்கு அந்தக் கையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே அட்டையைப் பிடித்து, குட்டை விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு, தாடை மாதிரி திறந்து மூடும் பிளேட்டுக்குள் விட்டு விட்டு எடுத்தான். அப்பாவைப் பற்றி, அந்த இரவைப் பற்றி, ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. பத்து அட்டை போனது. இருபது போனது. அவன் பாடவில்லை. முப்பதாவது அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“மை கெட்டியா இருக்கு ணா. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விடுங்க.”

மண்ணெண்ணெய் டப்பா எங்கே வைத்தேன் என்று தேடப் போனேன்.